பாவைப் பிணைப்பவர் எவர்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில் இளைஞன் ஒருவன் நம் சங்க அலுவலகத்துக்கு வந்து வேலை கேட்டான். பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. தறி வேலை தெரியும் என்றான். சொன்னதோடு நில்லாமல் கொட்டகைக்குள் சென்று, ஒரு குழித்தறியில் அறுந்து கிடந்த இழைகளை எடுத்து, விழுதிலும் அச்சிலும் பிசகாமல் கோத்துப் பிணைத்துக் காட்டினான். வேகம் போதாது, ஆனால் பழுதில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினான். அதன் தலைப்பில் அச்சாகியிருந்த இல்லத்தின் பெயரைப் படித்ததும் நம் எழுத்தர் அதை மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். "இப்போது தறி ஒன்றும் காலியில்லை, தம்பி. இருந்தால் சொல்லி அனுப்புகிறோம்" என்றார். அன்று கொட்டகையில் மூன்று தறிகள் ஆளின்றி நின்றன. அவன் இழை பிணைத்த தறியே அம்மூன்றில் ஒன்று.

எழுத்தரைக் குறை கூறுவதற்கில்லை. நிர்வாகக் குழுவைச் சேர்ந்த நாமும் அதே அறையில் உட்கார்ந்து ரொக்கப் புத்தகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நாம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். நாம் சொல்லவில்லை. அந்த மௌனத்தைப் பற்றித்தான் இம்மாதம் அங்கத்தினர்களோடு பேச விரும்புகிறோம்.

குற்றம் செய்த சிறுவனுக்குத் தொழில் கற்பிக்க வேண்டும் என்பது நேற்று எழுந்த எண்ணமன்று. 1850-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தொழில் பழகுநர் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட அநாதைச் சிறுவர்களையும், சில்லறைக் குற்றங்களில் அகப்பட்ட ஏழைச் சிறுவர்களையும் ஒரு தொழிலாளியிடம் ஒப்பந்தம் எழுதிப் பழக விடலாம் என்பது அதன் ஏற்பாடு. பின்னர் 1876-லும் 1897-லும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் வந்தன. செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887-ல் தோன்றியது. 1920-ல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் இயற்றிற்று; இந்திய மாகாணங்களுள் அத்தகைய சட்டத்தை முதலில் செய்தது சென்னையே. வங்காளமும் பம்பாயும் அதன் பின்னரே வந்தன. நம் ஊர்ப் பெரியவர்கள் 'சர்டிபைடு பள்ளிக்கூடம்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சட்டத்தின்கீழ் அரசின் சான்று பெற்ற பள்ளி என்பதால் வந்த பெயர் அது. குறும்பு செய்யும் பிள்ளையை மிரட்டுவதற்குத்தான் அப்பெயர் பெரிதும் பயன்பட்டது என்பது வேறு விஷயம்.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவனைத் தொழில் நடக்கும் இடத்துக்கு அனுப்பியது. அதில் கொடுமைக்கும் இடமிருந்தது. பத்து வயதுப் பாலகனை ஒருவரிடம் அடகு வைப்பது போன்ற ஏற்பாடு அது. அதனை மீண்டும் வேண்டுவார் எவருமிலர். ஆயினும் பின்வந்த சட்டங்கள் சிறுவனையும் தொழிலையும் ஒருங்கே சுவருக்குள் கொண்டுவந்தன. தச்சும் தையலும் நெசவும் சுவருக்குள் கற்பிக்கப்பட்டன. சுவருக்கு வெளியே அத்தொழில்களை உண்மையில் நடத்திவந்த மக்களுக்கும் உள்ளே கற்றுக்கொண்டிருந்த சிறுவனுக்கும் இடையே தொடர்பு அற்றுப்போயிற்று. நம் எழுத்தர் சான்றிதழை மடித்துக் கொடுத்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இன்று நடப்பிலிருப்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். விசாரணை முடியும்வரை சிறுவனை வைத்திருப்பது கூர்நோக்கு இல்லம். குற்றம் செய்தான் என்று இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்தபின் அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். அங்கே மூன்றாண்டுக்கு மேல் வைத்திருக்கக் குழுமம் ஆணையிட முடியாது. இவ்வில்லங்களில் கல்வியும் தொழிற்பயிற்சியும் அளிக்கப்படவேண்டும் என்று சட்டத்தின் 53-ஆம் பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பி வெளியேறுபவனுக்குப் பொருளுதவி அளிக்கலாம் என்று 46-ஆம் பிரிவு சொல்கிறது. ஏட்டில் குறையில்லை.

இச்சிறார் யாவர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் நாடு முழுவதும் சிறார்மீது பதிவான வழக்குகள் 31,170. பிடிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூவர் பதினாறு வயதுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள். அநாதைகள்தாம் இவ்வழிக்குச் செல்கிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம்; அது பிழை. மிகப் பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்ந்தவர்களே. எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பள்ளியை விட்டு, அங்குமிங்கும் கூலி வேலை செய்து திரிந்த பிள்ளைகள் இவர்களுள் பலர். அதாவது, நம் தெருப் பிள்ளைகள். நம் சங்கத்துப் பேரேட்டில் பெயருள்ள ஒருவர் வீட்டுப் பிள்ளையும் இக்கணக்கில் இருக்கலாம். இருந்தாலும் அவர் நம்மிடம் சொல்லமாட்டார்.

இனி, பயிற்சியின் இடர்ப்பாட்டைப் பார்ப்போம். நெசவு ஆறு மாதத்தில் வந்துவிடாது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தார் சுற்றப் பழகி, இழை பிணைக்கப் பழகி, மிதியும் கையும் ஒத்துவந்து, கரை பிசிறாமல் ஒரு முழம் நெய்வதற்கே மாதங்கள் ஆகின்றன. தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்புக்கும் தையலுக்கும் ஓராண்டு. பொருத்துநர் வேலைக்கும் மின்பணிக்கும் இரண்டாண்டு. அதிலும் பின்னிரண்டுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆனால் கூர்நோக்கு இல்லத்துச் சிறுவன் எத்தனை நாள் அங்கிருப்பான்? பிணையில் விடுவதே சட்டத்தின் பொது விதி. விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதும் விதி; மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம். சிறுவன் விரைவில் வீடு திரும்புவது நல்லதே. ஆனால் ஈராண்டுப் பயிற்சியில் இரண்டாம் மாதம் எழுந்து போகும் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? கதவு திறந்ததும் பாதிப் பாடத்தோடு வெளியே நிற்கிறான். மறுபாதியைக் கற்றுக்கொடுக்கும் இடம் அவனுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கும் அவனைத் தெரியாது.

தறியில் ஒரு பாவு முடியும்போது நாம் என்ன செய்கிறோம்? விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய பாவின் நுனிகளை அறுத்தெறிந்துவிடுவதில்லை. அவற்றை அப்படியே விட்டு, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைக்கிறோம். ஆயிரக்கணக்கான இழை, குனிந்த தலை நிமிராத வேலை. அதைச் செய்யாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். இல்லத்துப் பயிற்சி ஒரு பாவு. வெளியுலகத்து வேலை மற்றொரு பாவு. இரண்டையும் பிணைக்கும் ஆள் இன்றுவரை நியமிக்கப்படவில்லை. அதிகாரிகளுக்கு இல்லத்தின் எல்லையோடு பொறுப்பு முடிகிறது. தொழில் நடத்துபவருக்கு இல்லம் என்று ஒன்றிருப்பதே நினைவில்லை. இவ்வேலையை ஒரு கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடும் என்பது நம் கருத்து. ஏனெனில் தொழிலும் நம்மிடம் இருக்கிறது. அதை ஒருவர் மட்டும் முடிவு செய்யாமல் பலர் கூடி முடிவு செய்யும் முறையும் நம்மிடம் இருக்கிறது.

ஆனால் என்ன தொழிலைக் கற்பிப்பது? இவ்விடத்தில் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளலாகாது. 'நெசவு கற்றுக்கொடுங்கள்' என்று சொல்வது நமக்கு எளிது. கேட்பதற்கும் அழகாக இருக்கும். 1995-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் கைத்தறித் தொழிலாளர் 65 லட்சத்துக்கு மேல். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். அக்கடைசிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டின. நம் சொந்தப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைக்க நாமே தயங்குகிறோம். நாம் விட்டுச்செல்லும் தறியை, வேறு போக்கில்லாத பிள்ளைகள் கையில் திணித்துவிட்டு, 'மறுவாழ்வு அளித்தோம்' என்று ஆண்டறிக்கையில் எழுதுவது நேர்மையாகாது. சாதாரண வேட்டியும் துண்டும் நெய்யக் கற்பித்து அனுப்பினால் அவன் விசைத்தறியோடு போட்டியிட வேண்டும். அப்போட்டியின் முடிவு நமக்குத் தெரிந்ததே.

ஆகவே நெசவு வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. விலை பெறும் நெசவுக்கு வழியிருந்தால் கற்பிக்கலாம். பட்டிலும் உயர்ந்த ரகப் பருத்தியிலும் நல்ல கைக்கு இன்றும் தேவை இருக்கிறது. தறியைச் சுற்றியுள்ள தொழில்களும் உண்டு. டிசைன் அட்டை குத்துபவர், ஜக்கார்டு பெட்டியைப் பழுதுபார்ப்பவர், சாயத்தின் அளவறிந்து நிறம் பிசகாமல் முக்குபவர் ஆகியோருக்கு நாம் அலைந்து திரிகிறோம். சாயப் பட்டறை வேலையில் மருந்துச் சரக்குகள் கலப்பதால் அதனைப் பதினெட்டு வயதுக்கு முன் கொடுக்கலாகாது. சிறுவர் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடுத்திருக்கிறது. சேலத்தில் 1960-ல் தோன்றிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அதற்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். இல்லத்துப் பையனைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதச் செய்வதே அவனுக்குச் செய்யும் முதல் தொழில் உதவி என்று சில வேளை நமக்குத் தோன்றுகிறது. கைத்தொழிலைக் கற்பிக்கும் உற்சாகத்தில் ஏட்டுக் கல்வியை மறந்துவிடக் கூடாது.

விவசாய அங்கத்தினர்கள் பக்கம் வாய்ப்பு இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய பம்புசெட்டுகளுக்கு மின் இணைப்பு உண்டு. ஒரு கோடையில் எத்தனை மோட்டார் புகைந்து போகிறது, காயில் கட்டிக் கொடுக்கும் கடையில் எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதை எந்த விவசாயியிடமும் கேட்கலாம். காயில் கட்டுதல் சில மாதங்களில் அடிப்படை கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. சிறிய பட்டறை போதும், ஊரிலேயே பிழைப்பு. சொட்டுநீர்க் குழாய் பதித்தல், பவர் டில்லர் பழுது பார்த்தல், மாவும் கொய்யாவும் ஒட்டுக் கட்டுதல் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒட்டுக் கட்டும் வேலையை நாற்றங்காலில் பார்த்த எவரும் அதற்கு வேண்டியது பொறுமையும் கூர்மையான கத்தியும் என்று சொல்வார்கள். கத்தியை எவர் கையில் கொடுப்பது என்று நகைத்தார் ஒரு நண்பர். நமக்கு நகைப்பு வரவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இவ்வில்லங்களுக்கு வரும் பெண்கள் தொகையில் மிகக் குறைவு. குறைவு என்பதாலேயே அவர்களைப் பற்றி எவரும் யோசிப்பதில்லை. தையலும் பூவேலையும் கற்பித்தால் போதும் என்ற பழைய வழக்கம் தொடர்கிறது. கணக்கும் கணினியும் கற்ற ஒரு பெண்ணுக்கு நம் சங்க விற்பனை நிலையத்திலேயே வேலை இருக்கிறது.

இப்போது சான்றிதழுக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, இச்சட்டத்தின்கீழ் நடவடிக்கைக்கு உட்பட்ட சிறுவனுக்கு அக்குற்றத்தின் பொருட்டு எவ்விதத் தகுதிக்குறைவும் நேரலாகாது. உரிய காலம் கழிந்தபின் அவன் குற்றப் பதிவுகளையே அழித்துவிடவேண்டும். பதினாறு வயது கடந்து, கொடுங்குற்றத்துக்காகச் சிறார் நீதிமன்றத்தால் பெரியவரைப் போல் விசாரிக்கப்பெற்று முடிவு செய்யப்பட்டவர் மட்டுமே இதற்கு விலக்கு. சிறுவனை அடையாளம் காட்டும் செய்தியை வெளியிடுவதையும் 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இவ்வளவு கவனமாக மறைத்ததை, இல்லத்தின் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஒரு காகிதம் ஒரே கணத்தில் வெளிப்படுத்திவிடுகிறது. அந்த இளைஞன் நம்மிடம் நீட்டியது தகுதிச் சான்றிதழா, குற்றப் பத்திரிகையா? எழுத்தர் அதைக் குற்றப் பத்திரிகையாகத்தான் படித்தார்.

ஆகவே சான்றிதழ் தேசியத் தொழிற்பயிற்சிக் குழுவின் பெயரிலோ, நாட்டிலுள்ள மற்றப் பயிற்சி மாணவர்களுக்கு எவர் வழங்குகிறாரோ அவர் பெயரிலோ இருத்தல் வேண்டும். எங்கே கற்றான் என்பது அதில் இருக்கத் தேவையில்லை. என்ன கற்றான் என்பது இருந்தால் போதும். பாதியில் வெளியேறியவனுக்கும், கற்ற பகுதிக்குரிய சான்று தனியே கிடைக்க வேண்டும்; அவன் மீதியை வெளியே எந்த நிலையத்திலும் தொடர அது உதவும்.

எதிர்க்கருத்துகள் பல உண்டு; சிலவற்றில் நியாயமும் உண்டு. "ஒழுங்காகப் படித்த பிள்ளைகளுக்கே வேலை இல்லை, குற்றம் செய்தவனுக்குத் தனிச் சலுகை ஏன்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சலுகை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காலியாக நிற்கும் தறியை 'காலியில்லை' என்று சொல்லவேண்டாம் என்கிறோம். அவனால் பொருளை இழந்தவரும், அடிபட்டவரும் இருக்கிறார்கள். அவர்கள் துன்பத்தை நாம் மறக்கவில்லை. வேலையில்லாமல் திரும்பிவரும் பையன் மறுபடியும் எவர் வீட்டுக் கதவைத் தொடுவான் என்பதையும் அவர்கள் பொருட்டே யோசிக்க வேண்டியிருக்கிறது.

"நம்பி நூலைக் கொடுப்பது எப்படி?" என்பது இன்னொரு கேள்வி. இதற்கு விடை நம் சங்கத்துத் தராசிலேயே இருக்கிறது. முப்பதாண்டு அங்கத்தினருக்கும் நூலை நிறுத்துத்தான் கொடுக்கிறோம். துணியை நிறுத்துத்தான் வாங்குகிறோம். சேதாரத்துக்கு இவ்வளவு என்று விட்டுக்கொடுத்து, மிகுந்தால் கூலியில் பிடிக்கிறோம். எவரும் இதை அவமானமாக எண்ணியதில்லை. நன்னடத்தையை நம்பி நம் சங்கம் நடக்கவில்லை. நிறுவையை நம்பி நடக்கிறது. அந்தத் தராசு இவனுக்கு மட்டும் போதாது என்று சொல்வதற்கு என்ன காரணம்?

மற்றோர் ஆபத்து நம் பக்கத்திலிருந்தே வரக்கூடும். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இல்லத்துக்குள் நூலை அனுப்பி, பயிற்சி என்ற பெயரில் மலிவாகத் துணி நெய்து வாங்கலாம் என்ற ஆசை சில சங்கங்களுக்குத் தோன்றலாம். கூலி உயர்ந்துவரும் நாளில் தோன்றாமலிருந்தால்தான் ஆச்சரியம். அது பயிற்சியுமன்று, கூட்டுறவுமன்று. அடைபட்ட பிள்ளைகளின் உழைப்பைக் கொண்டு திறந்த தெருவில் வாழும் நெசவாளியின் கூலியைக் குறைக்கும் வேலை அது. இரு சாராருக்கும் துரோகம். இல்லத்துக்குள் நாம் அனுப்ப வேண்டியது ஆசிரியரை. நூலையும் ஆர்டரையும் அல்ல. பயிற்சியில் விளைந்த பொருள் விற்பனைக்கு வந்தால் அதன் ஆதாயம் பயின்றவன் கணக்கில் சேர வேண்டும்.

இல்லத்துக்குள் நடப்பதைப் பற்றி வாய் மூடியிருப்பதும் தகாது. 2022-ஆம் ஆண்டின் கடைசி நாளில் செங்கற்பட்டு அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்துத் துன்புறுத்தியதாக அங்குப் பணியாற்றியவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன்பின் இல்லங்களின் நிலையை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு 2023-ல் ஒரு நபர் குழு அமைத்தது. அவ்வாண்டே அறிக்கையும் வந்தது. அடிக்கும் கைக்கு நடுங்கிக்கொண்டு இருக்கும் பிள்ளை எந்தத் தொழிலையும் கற்கமாட்டான். வெளியாள் ஒருவர், அதாவது நம்முடைய மூத்த நெசவாளியோ பம்புசெட்டு மெக்கானிக்கோ, வாரம் இருமுறை உள்ளே சென்று வருவதில் தொழிலுக்கு அப்பாற்பட்ட ஒரு பயனும் இருக்கிறது. பார்க்கும் கண் ஒன்று கூடுதலாக இருக்கும்.

வேலை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1975 முதல் பெரிய அளவில் ஒரு சோதனை நடந்தது. சிறை மீண்டோர், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டோர், உதவித்தொகை பெற்றுவந்த தாய்மார், பள்ளியை விட்ட பதினேழு முதல் இருபது வயது இளைஞர் ஆகிய நான்கு வகையினருக்கு ஓராண்டு அளவில் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். தாய்மாருக்கு நல்ல பலன் கிட்டியது. இளைஞர்களுக்கோ வேலை முடிந்தபின் நிலைத்த பலன் ஏதும் காணப்படவில்லை. இதைப் படித்தபோது நமக்கும் சோர்வு உண்டாயிற்று. ஆயினும் யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. ஓராண்டில் முடிந்துவிடும் என்று தெரிந்த வேலையில் பதினெட்டு வயதுப் பையன் எதற்காக மனத்தை வைப்பான்? பதினெட்டு வயதில் நாம் மனம் வைத்தது கூலிக்காக மட்டுமா? தட்டிக்கொடுக்கவும் திட்டவும் ஒரு பெரியவர் பக்கத்துத் தறியில் இருந்தார். நாளை இந்தத் தறி நம்முடையதாகும் என்ற எண்ணமும் இருந்தது. அவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கவல்லது கூட்டுறவு என்பதே நம் வாதம். அது மெய்யா என்பதைச் செய்துதான் அறிய வேண்டும்.

இத்தாலி நாட்டில் இவ்வழியில் சட்டமே செய்திருக்கிறார்கள். 1991-ஆம் ஆண்டின் 381-ஆம் சட்டம் 'சமூகக் கூட்டுறவு' என்ற ஒரு வகையை ஏற்படுத்திற்று. அதில் ஒரு பிரிவுச் சங்கங்கள் விவசாயமோ கைத்தொழிலோ வியாபாரமோ எதையும் நடத்தலாம். ஆனால் தொழிலாளருள் நூற்றுக்கு முப்பது பேராவது வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவராக இருக்கவேண்டும். உடல் ஊனமுற்றோர், மனநோயிலிருந்து மீண்டோர், சிறைக்கு மாற்றாக வெளியில் தண்டனைக் காலத்தைக் கழிப்போர், குடும்ப நிலை சீர்கெட்ட, வேலை செய்யும் வயதுள்ள இளையோர் ஆகியோர் அவ்வரிசையில் அடங்குவர். இயன்ற மட்டும் அவர்கள் சங்கத்தின் அங்கத்தினராகவும் இருக்கவேண்டும். அவர்கள்பொருட்டுச் செலுத்த வேண்டிய சமூகக் காப்புத் தொகையை அரசு தள்ளுபடி செய்கிறது. நம்மைக் கவர்ந்தது அந்தத் தள்ளுபடியன்று. எழுபது பேர் மற்றத் தொழிலாளரும் முப்பது பேர் ஒதுக்கப்பட்டவருமாக ஒரே கூரையின்கீழ் இருப்பதே. முப்பது பேரை மட்டும் தனியே வைத்தால் அது இன்னோர் இல்லமாகிவிடும்.

நம் சங்கத்தால் முப்பது விழுக்காடு இயலாது. இரண்டு இடம் இயலும். நெசவுக் கொட்டகையில் ஒரு தறி, விவசாயப் பகுதியின் இயந்திரப் பட்டறையில் ஓர் இடம். இவற்றுக்கு வருபவரிடம் எங்கே கற்றாய் என்று கேட்பதில்லை. செய்து காட்டு என்று மட்டும் கேட்பது. நான்கு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிலையங்கள் பழகுநரை எடுத்துக்கொள்ளப் பழகுநர் சட்டம் இடந்தருகிறது. அதன்படி உதவித்தொகையோடு எடுத்துக்கொள்வது. கற்பிக்கும் மூத்த தொழிலாளிக்கு, அவர் நேரம் கெடுவதற்கு ஈடாக, பொதுநல நிதியிலிருந்து ஒரு தொகை கொடுப்பது. தர்மத்துக்குக் கற்பிக்கச் சொன்னால் மூன்றாம் மாதம் அலுத்துவிடும். பழகுநரின் தொகையிலிருந்து மாதம் ஒரு சிறு பங்கைச் சேமிப்பில் வைத்து, பதினெட்டு வயது நிரம்பி ஓராண்டு வேலை செய்தபின் அதிலிருந்து ஒரு பங்கு வாங்கி அங்கத்தினராக்குவது. அதன்பின் மகாசபையில் அவன் வாக்கும் தலைவர் வாக்கும் ஒன்றே.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இதைத் தெரிவித்து, இல்லத்திலிருந்து வெளிவருபவர்களுள் நம் பக்கத்து ஊர்களுக்குத் திரும்புவோர் விரும்பினால் நம்மிடம் வரலாம் என்று எழுதிவைக்கலாம். வருபவன் யார், எங்கிருந்து வந்தான் என்பது தலைவருக்கும் காரியதரிசிக்கும் மட்டும் தெரிந்தால் போதும். குழு முழுவதற்கும் தெரியவேண்டியதில்லை. நம் ஊர்க் கொட்டகையில் ஒரு செய்தி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை நாம் அறிவோம். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம். இருவரில் ஒருவன் நிலைக்காமல் போகலாம். நூல் குறையலாம். அப்படி நேர்ந்தால் மற்றவர்க்குச் செய்வதுபோலவே பற்று எழுதுவோம்.

இவ்வேற்பாட்டை ஒரு தீர்மானமாக எழுதி, அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறோம். முதலாண்டுச் செலவாகப் பொதுநல நிதியிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதைச் சபையே முடிவு செய்யட்டும். ஆட்சேபமுள்ள அங்கத்தினர்கள் காரணத்தோடு எழுதியனுப்பினால் அடுத்த இதழில் அவற்றையும் வெளியிடுவோம். தொழில் கற்றுத்தர ஒப்புக்கொள்ளும் மூத்த நெசவாளர்களும் பட்டறைக்காரர்களும் பெயர் கொடுக்கலாம். இதுவரை இருவர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று தறிகளில் இரண்டு இன்னும் காலியாகவே நிற்கின்றன.